படம் திருத்தும் பாடம் சிவகாசியில் தொடங்கட்டும்

தமிழ்நாட்டு வீட்டுச் சுவரில் முருகன் எந்த நிறத்தில் நிற்க வேண்டும், லட்சுமியின் சேலைக்கு எந்தச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்பதையெல்லாம் பல பத்தாண்டுகளாக முடிவுசெய்து வருவது சிவகாசி. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜென்ட்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். அந்த ஆல்பத்தில் கேமரா பிடித்தபடியே அச்சேறிய படம் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. பட்டாசுப் பெட்டியில் சிரிக்கும் குழந்தை, நோட்டுப் புத்தக அட்டையின் பனிமலை, கடைசிப் பக்கத்து விளம்பரத்தில் மின்னும் நகை என எல்லாமே யாரோ ஒருவர் உட்கார்ந்து திருத்தியவை.

இத்தனை படங்களைத் திருத்தி நாடு முழுவதும் அனுப்பும் மாவட்டத்தில், ஒரு படத்தை எப்படித் திருத்துவது, எதுவரை திருத்தலாம் என்று பள்ளிக்கூடம் சொல்லித் தருவதில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். ஆனாலும் படிப்பு முடித்து ஒரு பிரஸ்ஸில் டிசைனராகச் சேரும் பையன், மூத்தவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துத்தான் பழகுகிறான். அப்படிப் பழகினால் கைக்கு வேகம் வரும். இந்த இடத்தில் ஏன் மஞ்சளைக் குறைத்தோம் என்று கேட்டால் பதில் வராது.

படத் திருத்தத்தை எட்டாம் வகுப்பிலிருந்து எல்லா மாணவருக்கும் பொதுப் பாடமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. டிசைனராகப் போகிறவர்கள் நூற்றில் சிலர்தான். ஆனால், திருத்திய படங்களைத் தினமும் பார்த்து அவற்றை நம்பியோ நம்பாமலோ முடிவெடுக்க வேண்டிய நிலை நூறு பேருக்குமே இருக்கிறது.

கல்லில் தொடங்கிய கைவேலை

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். வெளியூரில் அச்சடித்துக் கட்டுபடியாகாத நிலையில் லித்தோ அச்சு இங்கேயே வந்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் படத்தை இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல். ஒரே தாள் திரும்பத் திரும்ப மெஷினுக்குள் போய்வர வேண்டும். ஒரு நூலளவு விலகினாலும் ரெஜிஸ்டர் அவுட். லேபிளில் இருக்கும் அணிலின் வால் ஒரு பக்கம், அதன் நிறம் இன்னொரு பக்கம். ஒரு படத்தை அதன் வண்ணங்களாகப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி இந்த ஊருக்கு அப்போதே வந்துவிட்டது.

பக்கத்தில் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைத்தவர் சி. கொண்டையராஜு (1898-1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே இந்தியா முழுவதும் சென்றன. அந்த வட்டாரத்தில் ஓவியமும் போட்டோ ஸ்டுடியோவும் ஒரே குடும்பத் தொழில்போல இருந்தன. நெகடிவின் மேல் பென்சிலால் புள்ளி வைத்து முகத்துத் தழும்பை மறைப்பது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் ஏற்றுவது எல்லாம் அன்றாட வேலை. இந்தக் காலண்டர் கலையின் பொருளாதாரத்தைப் பற்றி கஜ்ரி ஜெயின் 2007-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். அதில் சிவகாசிக்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று வெளியிட்ட அந்த நூலில் பாடமாகிவிட்ட சிவகாசி, சிவகாசி அரசுப் பள்ளியில் இன்னும் பாடமாகவில்லை.

பிறகு பிராசஸ் கேமரா வந்தது. ஆப்செட் வந்தது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் வெளியானபின், சில ஆண்டுகளில், படத்தைத் திருத்தும் டச்சிங் ஆர்ட்டிஸ்ட்டின் பிரஷ் மவுஸுக்கு மாறியது. இப்போது கோப்பு கணினியிலிருந்து நேரே பிளேட்டுக்குப் போகிறது. பிரஷ்ஷைப் பிடித்த கடைசித் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்ததை வகுப்பறைக்குக் கொண்டுவர இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

பேஜ்மேக்கரில் நின்ற பாடம்

மாநிலப் பாடத்திட்டத்தில் இதைப் பற்றி ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பிளஸ் டூ ‘கணினிப் பயன்பாடுகள்’ புத்தகத்தில் பல்லூடகமும் டெஸ்க்டாப் பப்ளிஷிங்கும் இருக்கின்றன. அதை அடுத்து வருவது பேஜ்மேக்கர். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அடோபி நிறுவனம் அதன் வளர்ச்சியை 2004-இல் நிறுத்திவிட்டது. இன்று பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பிறப்பதற்கு முன்பே கைவிடப்பட்ட கருவியின் மெனுக்களை அவர் மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிறார். அதுவும் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும்தான். தொழிற்பயிற்சி நிலையங்களில் டெஸ்க்டாப் பப்ளிஷிங் ஆபரேட்டர் பிரிவு உண்டு என்றாலும், அது பள்ளியைத் தாண்டியவர்களுக்கு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் நிலைமை வேறு. கேரளம் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்கே தகவல் தொழில்நுட்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயப் பாடம். பயன்படுத்துவது கட்டற்ற மென்பொருள். எட்டாம் வகுப்பிலேயே ‘கிம்ப்’ கொண்டு படத்தைத் திருத்தப் பழகுகிறார்கள். இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே பாடத்திட்டம்தான். மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் பாடம், காலண்டர் நகரமான சிவகாசியின் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

வசதி இல்லை என்று சாக்குச் சொல்வதற்கும் இல்லை. தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டது. கிம்ப் மென்பொருளை 1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கினார்கள். இன்றுவரை அது இலவசம். பழைய கணினியிலும் ஓடும். உரிமக் கட்டணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வகுப்பில் என்ன நடக்கும்?

பட்டன்களின் பட்டியலாக இந்தப் பாடம் இருக்கக் கூடாது. மென்பொருள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முகத்தை மாற்றிக்கொள்ளும். மாறாமல் நிற்பது ஒளி, நிறம், அளவு பற்றிய அறிவு. அதைப் பிள்ளைகள் ஏற்கெனவே வேறு வகுப்புகளில் துண்டுதுண்டாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கணக்குப் பாடத்தில் வரும் நிகழ்வுச் செவ்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணையும் வயதையும் வைத்து வரைந்துவிட்டு மறந்துபோகும் அந்தப் படம், கிம்ப் மென்பொருளின் திரையில் உயிரோடு இருக்கிறது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. இடைப்பட்ட ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதே அது. ஏன் 255 என்று ஒரு மாணவி கேட்டால் ஆசிரியர் இரண்டின் எட்டாம் அடுக்கைச் சொல்லித் தரலாம். பத்தாம் வகுப்பில் வரும் அணிகளுக்கும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. டிஜிட்டல் படம் என்பதே நிரையும் நிரலுமாக அடுக்கிய எண்கள்தானே.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுத்து ‘இதையே காலண்டரில் போட்டுக்கொடுங்கள்’ என்று கேட்கும் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டாத டிசைனர் சிவகாசியில் இருக்க முடியாது. அதுவும் ஒரு கணக்குதான். சாதாரணத் தரத்தில் வாட்ஸ்அப் அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிகள். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஐந்தேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். அதை 20 அங்குலத் தாளுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 80 புள்ளிகள்தான் மிஞ்சும். சாமியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது.

திரையில் பளீரென்று தெரிந்த பச்சை, தாளில் ஏன் மங்கிப்போகிறது? திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. அச்சில் சியான், மெஜந்தா, மஞ்சள் மைகள் வெள்ளைத் தாளின் ஒளியிலிருந்து கழித்து நிறம் காட்டுகின்றன; கூடவே கறுப்பு. அறிவியல் பாடத்தின் ஒளியியல் இங்கே மைவாசத்தோடு வருகிறது. அருகிலுள்ள பிரஸ்ஸுக்கு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போய், நான்கு கலரும் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுவதைக் காட்டினால் போதும். அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது.

பயிற்சிகளையும் இந்த மண்ணிலிருந்தே எடுக்கலாம். திருவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதற்கு ஒரு லேபிள் செய்யட்டும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்ததுபோல் மஞ்சளடித்த படத்தில் பாலின் நிறத்தை மீட்டெடுக்கட்டும். லேபிளில் தமிழ் எழுத்தைச் சேர்க்கும்போது கொம்பும் காலும் இடம்மாறி உடைந்து நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாறுவதும், தமிழைச் சரியாகக் கோக்கும் அமைப்பை மென்பொருளில் தேர்ந்தெடுப்பதும் அப்போது தேவையாகவே வந்து சேரும்.

அடுத்து வெம்பக்கோட்டை. அருகிலுள்ள விஜயகரிசல்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. அகழாய்வில் கிடைத்த பொருளைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைப்பார்கள். அந்தப் படத்தில் நிறத்தைக் கூட்டக் கூடாது, ஒரு கீறலைக்கூட அழிக்கக் கூடாது. ஒரே மாணவர் முதல் வாரம் பால்கோவாவைக் கண்ணைப் பறிக்கும்படி திருத்திவிட்டு, மறுவாரம் சுடுமண் பொம்மையின் படத்தில் கை வைக்காமல் கட்டுப்பட்டு நிற்க வேண்டும். எந்தப் படத்தை எந்த நோக்கத்துக்கு எதுவரை திருத்தலாம் என்ற அறம் அவருக்கு இப்படித்தான் பிடிபடும். நீதிபோதனை வகுப்பு தேவைப்படாது.

எல்லைக் கோடு எங்கே?

பிள்ளைகளுக்குப் படத்தைத் திருத்தக் கற்றுக்கொடுப்பது மோசடி செய்யக் கற்றுக்கொடுப்பதாகிவிடாதா என்று பெற்றோர் பயப்படலாம். நியாயமான பயம்தான். ஆனால், மோசடிக்கான கருவி ஏற்கெனவே பிள்ளையின் கைப்பேசியில் இருக்கிறது. அதை எப்படி இயக்குவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 செப்டம்பரில் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குச் சொந்தப் படத்தைக் கொடுத்து, பழைய சினிமாப் பாணியில் சேலை கட்டிய படமாக மாற்றி வாங்கிப் போடும் மோகம் நாடெங்கும் பரவியது. அதற்கு ஒரே ஒரு வாக்கியம் எழுதினால் போதுமாயிருந்தது.

பெரியவர்களின் உலகத்திலும் இந்தக் கோடு அடிக்கடி அழிந்திருக்கிறது. 1982 பிப்ரவரி இதழின் அட்டையில் படம் நீளவாக்கில் அடங்க வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளையே நகர்த்தி வைத்தது ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிட்ட படம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒன்றை வெளியிட்டது. சன்னலுக்கு வெளியே தெரிந்த காட்சி தனியே ஒட்டப்பட்டது என்று சமூக வலைத்தளத்தில் இருந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், படம் நீக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்களில் பலரும் ஃபோட்டோஷாப்பில் கை வைத்துப் பழகியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒட்டுப் போடத் தெரிந்தவருக்குத்தான் ஒட்டு தெரியும்.

இந்தத் திறமை ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றியிருக்கலாம். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி யாரோ இணையத்தில் போட்டார்கள். அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் பேச்சை வீட்டாரே நம்பவில்லை என்ற வலி அவர் எழுதிவைத்த கடிதத்தில் இருந்ததாக அன்றைய செய்திகள் கூறின. கழுத்தில் ஒளி ஒரு திசையிலும் முகத்தில் இன்னொரு திசையிலும் விழுகிறது, இது ஒட்டுவேலை என்று உறுதியாகச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருக்க வேண்டும். இணையக் குற்றத்துக்கு 1930 என்ற எண் இருக்கிறது, புகார் கொடுப்பது அவமானமில்லை என்பதையும் இதே வகுப்பு சொல்லித் தர வேண்டும். அடுத்தவர் படத்தில் அவர் அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது என்பது இந்தப் பாடத்தின் முதல் விதியாக இருக்கட்டும்.

நிறத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். 1994-இல் கைதான ஒரு கறுப்பின விளையாட்டு வீரரின் முகத்தை மேலும் கறுப்பாக்கி அட்டையில் போட்டதற்காக அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் கண்டனத்துக்கு ஆளானது. அங்கே கறுப்பாக்கியது குற்றமென்றால், நம் கல்யாண ஆல்பத்திலும் காதணி விழா பேனரிலும் கேட்காமலேயே எல்லோரையும் வெளுப்பாக்குவதற்கு என்ன பெயர்? விளம்பரத்தில் உடலைத் திருத்தினால் அந்தப் படத்தில் அடையாளம் இட வேண்டும் என்று நார்வே சட்டமே கொண்டுவந்து 2022-இல் நடைமுறைப்படுத்தியது. கரிசல் வெயிலில் கறுத்த முகத்தை, அந்தக் கறுப்பு மாறாமல், வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து அழகாகக் காட்டுவதுதான் உண்மையிலேயே கடினமான வேலை. அதைச் செய்யத் தெரிந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

தொழிலுக்கு ஆள் பிடிப்பதா?

இன்னொரு கேள்வியும் வரும். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் செய்துவிடும்போது இதைப் படித்து என்ன பயன்? பின்னணியை வெட்டி எடுப்பது, கீறலை மறைப்பது போன்ற வேலைகளை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது உண்மை. பட்டனை அமுக்க மட்டும் தெரிந்தவரின் வேலை முதலில் போகும். ஆனால், ஆறு விரலோடு வந்த அம்மனையும் அச்சில் கருகப்போகும் நீலத்தையும் பிளேட்டுக்கு அனுப்பும் முன் பிடித்து நிறுத்த ஒரு கண் வேண்டும். செயற்கையாக உருவாக்கிய படங்களில் அடையாளம் இட வேண்டும் என்று மத்திய அரசு 2025 அக்டோபரில் வரைவு விதிகளை வெளியிட்டது. எது செயற்கை, எது திருத்தம் என்று பிரித்தறியத் தெரியாதவர்கள் நிறைந்த சமூகத்தில் அந்த அடையாளம் எத்தனை பேருக்குப் புரியும்?

இந்தப் பாடம் பிரஸ்களுக்குக் குறைந்த கூலிக்கு ஆள் சேர்க்கும் வழியாகிவிடக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்க வேண்டும். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டவும் குச்சி அடுக்கவும் பிள்ளைகளை உட்காரவைத்த வரலாறு இந்த வட்டாரத்துக்கு உண்டு. அது தொடர்பான வழக்கில்தான் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த நினைவு இருக்கும் ஊரில், பத்தாம் வகுப்புவரை இது பொதுக் கல்வியாக மட்டுமே இருக்க வேண்டும். ‘பயிற்சி’ என்ற பெயரில் ஒரு பிள்ளைகூட ஆர்டர் வேலைக்கு உட்காரக் கூடாது.

பிளஸ் டூ முடித்தபின் தொழிலாக எடுப்பவர்களுக்கு அது நல்ல வாசலாக இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்தது போன்ற வெடிவிபத்துகளைப் பார்த்த குடும்பங்களுக்கு, மருந்துக் கலவையின் பக்கம் போகாமல் சம்பாதிக்க இன்னொரு வழி இருப்பது சிறிய விஷயமில்லை. பெண்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வரும் ஜூனிலேயே தொடங்கலாம்

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு தனக்கென ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதற்கேற்பப் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது இதற்கு இடம் ஒதுக்க வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் ஆண்டுக்கு 20 பாடவேளை போதும். பிளஸ் டூவில் பேஜ்மேக்கர் இருக்கும் இடத்தில் கிம்ப் வரட்டும். மாநிலம் முழுவதும் செய்யுமுன் விருதுநகர் மாவட்டத்தில் சோதித்துப் பார்க்கலாம். மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் இதுவும் ஒன்று என்பதால், மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய முயற்சிகள் பழக்கமானவைதான்.

ஆசிரியர் பயிற்சியைக் காலண்டர் சீசன் முடிந்தபின் சிவகாசி அச்சகங்களிலேயே நடத்தலாம். கல்லிலும் நெகடிவிலும் வேலை பார்த்த மூத்த டச்சிங் ஆர்ட்டிஸ்ட்டுகளை மதிப்பூதியம் கொடுத்து வகுப்புக்கு அழைக்க வேண்டும். பழைய பிளேட்டும் நெகடிவும் எடைக்குப் போகுமுன் அவற்றைச் சேகரித்துவைக்கவும் அது வழிசெய்யும்.

தேர்வு முறை மட்டும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாணவர் திருத்திய படத்தோடு மூலப் படத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், எதை மாற்றாமல் விட்டேன் என்று ஒரு பக்கம் தமிழில் எழுத வேண்டும். படத்துக்குப் பாதி மதிப்பெண், அந்தப் பக்கத்துக்குப் பாதி. செய்த மாற்றத்தை மறைக்காமல் எழுதிவைக்கும் இந்தப் பழக்கம் பின்னாளில் அவர் நிருபரானாலும், ஆய்வாளரானாலும், தேர்தல் போஸ்டர் அடிக்கும் அச்சகக்காரரானாலும் கூடவே வரும். இதற்குத் தேவையான கணினி பள்ளியில் இருக்கிறது, மென்பொருள் இலவசம், கற்றுத்தரக் கூடியவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறை ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.